ஆயிரத்து நூறு குளிர்மணி

நாள் 552. காலை 07:10. மேற்கு அறை.

கூடம் 5.0 டிகிரி. குளிர்மணி 288. என் அறை 18. ஆவுடை அறை 18. பம்புகள் இரண்டும் ஓடுகின்றன. செர்ரி மரங்கள் பதினொன்றும் மொட்டையாக நிற்கின்றன. இந்தப் பருவத்தில் அவை அப்படித்தான் நிற்க வேண்டும்.

இதை யார் கையில் எடுப்பீர்களோ தெரியாது. மரம் பற்றி ஒன்றும் தெரியாதவர் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். செர்ரி இலையை உதிர்த்ததும் மொட்டுகள் உறங்கிவிடும். எழுப்ப முதலில் குளிர் வேண்டும், பிறகு சூடு வேண்டும். வரிசை மாறக்கூடாது. இந்த ரகத்துக்குக் குளிர் ஆயிரத்து நூறு மணி நேரம். பூஜ்யத்துக்கும் ஏழு டிகிரிக்கும் நடுவில் இருக்கும் மணிதான் சேரும், அதுதான் குளிர்மணி. பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்த மணி சேராது. பதினைந்துக்கு மேல் ஏறினால் அதைவிட மோசம், சேர்த்து வைத்ததும் அழிந்துபோகும். இங்கே செவ்வாய்க் கிரகத்தில் வெளியே இன்று மைனஸ் அறுபத்து மூன்று. ஆகவே மரத்துக்குக் குளிர் கொடுக்கவே நாங்கள் சூட்டைச் செலவழிக்கிறோம். ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

என் பெயர் ரெஜினாள் பர்னாந்து. தூத்துக்குடி. மர உடலியல் படித்தவள், வயது ஐம்பத்திரண்டு, சிடுமூஞ்சி. இங்கிருந்து போன ஒன்பது பேரும் அதை என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போனார்கள். மிச்சம் இருப்பது ஆவுடையப்பன், அம்பாசமுத்திரம், சூட்டு மெக்கானிக், முப்பத்தெட்டு வயது. இந்தக் குகை நிலையம் ரயில் பெட்டிபோல நீளம். கிழக்குக் கோடியில் அணு உலை, பம்பு, ஆவுடை. நடுவில் மரக் கூடம். மேற்குக் கோடியில் நான். பக்கவாட்டு நடைபாதை நாள் 498-இல் இடிந்துவிட்டது. கூடத்தின் காற்று மரத்துக்கானது, நாம் சுவாசிக்க முடியாது, காப்புடை வேண்டும். அவனுடையது கிழிந்து கிடக்கிறது. என்னுடையதற்கு மூன்று சிலிண்டர் இருக்கிறது, ஒரு தடவை நுழைய ஒன்று. அதனால் பக்கத்து ஆளோடு ஐம்பத்து நான்கு நாளாகக் கம்பி வழிப் பேச்சுதான்.

கொற்கை என்ற கப்பல் வந்துகொண்டிருக்கிறது. குடியேறப் போகிறவர்கள், முப்பத்தொரு பேர். அதன் தொடர்பு அதிகாரி நூர் ஜமீலா அனுப்பிய செய்தி:

“உங்களிடம் நிறுத்தினால் மேற்கொண்டு போக எங்களுக்கு எரிபொருள் இருக்காது. அங்கேயே தங்க வேண்டியதுதான். இரண்டு பேருக்காக அப்படிச் செய்ய முடியாது, மன்னிக்கவும். ஆனால் மரம் பூக்கிற இடம் என்றால் மனிதரும் இருக்கலாம். நாள் 640-க்குள் பூவைக் காட்டுங்கள், நிறுத்துகிறோம்.”

ஆகப் பூத்தால் பிழைப்போம். பூக்காவிட்டால் அவர்கள் மேலே கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு இருப்போம். உணவு நாள் 700 வரை.


நாள் 554. பிற்பகல் 14:30.

கூடம் 5.0. குளிர்மணி 336. ஒரு சிலிண்டர் தீர்ந்தது.

உள்ளே போய்ப் பதினான்கு குச்சி வெட்டினேன். உறக்கம் தெளிந்ததா என்று மரத்தைக் கேட்க எங்களுக்குத் தெரிந்த வழி இதுதான். குச்சியைத் தண்ணீரில் நிறுத்தி, சூட்டுப் பெட்டியில் இருபது டிகிரியில் வைக்க வேண்டும். பாதி மொட்டு விரிந்தால் குளிர் போதும் என்று அர்த்தம். 336-இல் ஒன்றும் விரியாது. விரியாது என்று தெரிந்துகொண்டே வைத்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பெட்டியில் பத்துதான் பிடித்தது. மீதி நான்கை எறியப் போனேன். ஆவுடை விடவில்லை.

“தூரப் போடாதிய அக்கா. ஒரு பாட்டில்ல வச்சு கட்டிலுக்குப் பக்கத்துல வையுங்க. பாக்கதுக்கு ஒரு உசுரு இருந்தா நல்லதுதான.”

ஊறுகாய் பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறேன். உயிராம். விளக்குமாற்றுக் குச்சி மாதிரி இருக்கிறது.


நாள் 556. காலை 09:00.

இரண்டாவது பம்பு போய்விட்டது. பேரிங் உடைந்துவிட்டதாம், உதிரி இல்லை. சூடு முக்கால் பங்குதான் இனி.

கிழக்கிலிருந்து வரும் சுடுநீர் இரண்டு அறைகளுக்கும் பிரிகிறது. அறை வால்வு அவரவர் கையில். ஒருவர் குறைத்தால் மற்றவருக்குக் கூடும். இருவரும் குடித்தது போக மிச்சம் கூடத்துக் குழாயில் ஓடும். ஆவுடை கணக்குப் போட்டுச் சொன்னான்: கூடம் ஐந்தில் நிற்க வேண்டுமானால் எங்களுக்கு ஆளுக்குப் பதினான்கு.

பதினான்கு பிழைக்கக்கூடிய குளிர்தான். ஆனால் அவன் போன மாதம் நெஞ்சுச் சளியில் கிடந்தவன். என் வால்வை இரண்டு சுற்று மூடிவிட்டேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் கேட்க மாட்டான்.


நாள் 563. மாலை 18:00.

கூடம் 5.4. குளிர்மணி 552. என் அறை 7. ஆவுடை அறை 18.

தினமும் ஆறு மணிக்குக் கம்பியில் ஒருவரை ஒருவர் விசாரிப்போம். இன்று:

“இங்க பதினெட்டு இருக்கு அக்கா. சுகமா இருக்கேன். நீங்க?”

“எனக்கும் பதினெட்டுதாம்ல. விசிறி இருந்தா தேவலன்னு பாக்கேன்.”

சிரித்தான். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், குடல் சுருண்டு கிடந்தாலும் இப்போதுதான் சாப்பிட்டு வந்தேன் என்போம். கேட்கிற வீட்டுக்காரிக்கும் அது தெரியும். அந்தக் கெட்ட பழக்கத்தை இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இரண்டு கம்பளி, மூன்று காலுறை, தலைக்கு ஒரு பருத்தித் துண்டு. பாட்டிலில் உள்ள குச்சிகளுக்குத் தண்ணீர் மாற்றினேன். அவன் பதினெட்டில் இருக்கிறான் என்பதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி, அதையும் எழுதிவிடுகிறேன்.


நாள் 575. காலை 08:20.

கூடம் 6.1. குளிர்மணி 840. என் அறை 6.

கூடம் மெல்ல ஏறுகிறது. ஏழுக்குள்தான் இருக்கிறது, கவலை இல்லை. கூடத்தில் ஆறு வெப்பமானி இருந்தது. உயிரோடு இருப்பது மேற்குக் கதவை ஒட்டியது ஒன்றுதான்.

சூட்டுப் பெட்டியின் கம்பி கருகிவிட்டது. பத்துக் குச்சியில் ஒரு மொட்டும் அசையவில்லை, எதிர்பார்த்ததுதான். இனிச் சோதனை இல்லை. கணக்கை நம்ப வேண்டியதுதான்.


நாள் 586. காலை 06:15.

குளிர்மணி 1104. முடிந்தது.

நாற்பத்தாறு நாள். கொற்கைக்குச் செய்தி அனுப்பினேன். நூர் ஜமீலா நான்கே நிமிடத்தில் பதில் சொன்னாள். “வாழ்த்துகள். இங்கே எல்லோரும் கைதட்டினார்கள்.” முப்பத்தொரு பேர் ஒரு மரத்தின் தூக்கத்துக்குக் கைதட்டுகிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே நாள். 11:40.

இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.  

இனி சூடு ஏற்ற வேண்டும். கூடத்துக் குழாயில் ஓட்டம் எவ்வளவு என்று ஆவுடையைக் கேட்டேன். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் இருக்க வேண்டும், அதை ஏழாக்கச் சொல்ல நினைத்திருந்தேன்.

“ஏழுலதான அக்கா ஓடிக்கிட்டு இருக்கு. ஒரு மாசமா ஏழுதான்.”

“ஏழா? ஏம்ல சொல்லல?”

“கூடம் அஞ்சர, ஆறுன்னு நீங்க தினம் சொல்லுதிய. சரியாத்தான் இருக்குன்னு விட்டுட்டேன்.”

“அவ்வளவு தண்ணி எங்கருந்து வந்துச்சு? ஒன் அறை வால்வு எத்தன சுத்து தெறந்திருக்கு?”



“கோவிக்காதிய அக்கா. பம்பு போன அன்னிக்கே மூடிட்டேன். உங்களுக்கு வயசாச்சு, மூட்டு வலி வேற. உங்க பக்கம் கூடட்டும்னுதான்.”

நானும் மூடினேன் என்று சொன்னேன்.  

ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்த சூடு இரண்டு பேருக்கும் போகவில்லை. மூன்றாவது வழியில் கூடத்துக்குப் போயிருக்கிறது. முப்பது நாளாக.


நாள் 588. காலை 10:00.

இரண்டாவது சிலிண்டர். கை வெப்பமானியோடு உள்ளே போனேன்.

மேற்குக் கதவோரம் 6.3. வெளிச்சுவர் அங்கேதான் இருக்கிறது, எப்போதும் சில்லென்று இருக்கும். மூன்றாவது மரம், மொட்டு உயரத்தில், 15. ஆறாவது மரம் 16. குழாயை ஒட்டிய வரிசை முழுக்க 17. காப்புடைக்குள் எனக்கு எதுவும் உறைக்கவில்லை, உறைக்காது. கிளை நுனியில் மட்டும் ஒன்றிரண்டு இலை மொட்டு பச்சை காட்டுகிறது. பூ மொட்டு ஒன்றுகூட அசையவில்லை. குளிர் போதாத மரம் இப்படித்தான் நிற்கும். பாடமாகப் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன்.

நான் எழுதிக்கொண்டே வந்த 1104 வெறும் கதவின் கணக்கு.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் குளிருக்கு நாற்பத்தாறு நாள். சூட்டுக்கு இருபது நாளாவது. நாள் 654. கப்பலின் கெடு 640. எப்படிப் போட்டாலும் பதினான்கு நாள் இடிக்கிறது.

பிற்பகல் 15:10. கட்டிலில் படுத்திருந்தேன். ஊறுகாய் பாட்டில் கண்ணில் பட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

நாள் 554-இல் வெட்டியது. அப்போதே 336 மணி உண்மையான குளிர் சேர்ந்திருந்தது. பிறகு என் அறையில் ஆறு டிகிரியில், ஏழு டிகிரியில், முப்பத்துநான்கு நாள். முதல் இரண்டு நாளைத் தள்ளினாலும் எழுநூற்று அறுபத்தெட்டு. மொத்தம் 1104.

இந்த நிலையத்தில் குளிர்காலம் முழுதாகக் கிடைத்தது இரண்டு மடையருக்கும் இந்த நான்கு குச்சிக்கும்தான்.


நாள் 590. காலை 08:00.

என்ன செய்யப் போகிறேன் என்று எழுதிவிடுகிறேன். பிறகு மறைத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

பெட்டி இல்லாததால் என் அறையையே இருபதுக்குக் கொண்டுபோக வேண்டும். குச்சி மூன்று வாரத்தில் பூக்கும். அதைக் கொண்டுபோய் ஆறாவது மரத்தில் கட்டி, படம் பிடித்து, கப்பலுக்கு அனுப்புவேன். பொய்தான். முப்பத்தொரு பேர் வருகிற கப்பலில் ஒரு பம்பு உதிரியாக இல்லாமலா போகும்? வந்ததும் மரத்துக்கு ஒழுங்காகக் குளிர் கொடுத்து, அடுத்த வருஷம் உண்மையாகவே பூக்க வைத்துக் காட்டிவிடுவேன். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆவுடையிடம் கேட்டேன். அவன் பங்கிலிருந்து எடுத்தால்தான் என் அறை இருபது ஏறும்.

“எடுத்துக்கிடுங்க. எனக்குப் பன்னெண்டு இருந்தாப் போதும்.”

“பன்னெண்டு நிக்குமால? சத்தியமா சொல்லு. இனிம பொய் சொன்னா கொன்னுருவேன்.”

“சத்தியமா நிக்கும் அக்கா. பூவ மட்டும் பாத்துக்கிடுங்க.”

வால்வை முழுக்கத் திறந்தேன். கூடத்துக்கு இனி கொஞ்சம்தான் போகும்.


நாள் 598. மாலை 18:00.

என் அறை 20. ஆவுடை அறை 12 (அவன் சொன்னது). கூடம் 3.

மொட்டு உப்பிவிட்டது. நுனியில் பச்சை. நான்கு குச்சியிலும் எண்ணிப் பார்த்தேன், பூக்கொத்து ஒன்பது.

ஆவுடையின் பேச்சு குழறுகிறது. மெதுவாகப் பேசுகிறான்.

“அக்கா... அது வாசம் அடிக்குமா?”

“செர்ரிக்குப் பெருசா வாசம் கெடையாது. லேசா பாதாம் மாதிரி இருக்கும்.”

“பரவால்ல. வடிவு... மல்லிப்பூதான் வைப்பா. இது வெள்ளையாத்தான இருக்கும்?”

வடிவு அவன் மனைவி. இறந்து நான்கு வருஷம். வெள்ளைதான் என்றேன்.

பன்னிரண்டு டிகிரியில் நாக்கு குழறாது. எனக்குத் தெரியும். திரும்பவும் கேட்டிருக்கலாம். கேட்டு அவன் உண்மையைச் சொல்லிவிட்டால் வால்வை மூட வேண்டும், குச்சி போய்விடும். அதனால் கேட்கவில்லை. இந்த வரியை யாராவது படித்தால் என்னைத் திட்டுங்கள்.


நாள் 606. காலை 07:00.

ஆவுடையிடமிருந்து பதில் இல்லை. நேற்று மாலையும் இல்லை. பம்பு ஓட்டம் குறைகிறது. மூன்று நாளுக்கு ஒரு தடவை வடிகட்டியைக் கழுவ வேண்டும், கழுவப்படவில்லை.

மொட்டின் நுனியில் வெள்ளை தெரிகிறது. இன்னும் மூன்று நாள்.

சிலிண்டர் ஒன்றுதான். கிழக்கே போகலாம், திரும்பி வர முடியாது. இன்றே போனால் படம் இல்லை, கப்பலும் இல்லை. அவன் உயிரோடு இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து சாகலாம். மூன்று நாள் பொறுத்தால் போகிற வழியிலேயே கட்டிப் படம் எடுத்துவிடலாம்.

நேற்று இரவிலிருந்து கம்பியில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். ஏலே ஆவுடை. ஏலே. தொண்டை கட்டிவிட்டது.

பொறுக்கப் போகிறேன்.


நாள் 609. மாலை 17:20. கிழக்கு அறை.

பூத்தது. இருபத்துமூன்று பூ.

புறப்படும் முன் மேற்கு வால்வைப் பாதிக்குக் குறைத்து வைத்தேன். ஆறாவது மரத்தின் தாழ்ந்த கிளையில் நான்கு குச்சியையும் நூல் போட்டுக் கட்டினேன். கையுறையோடு முடிச்சு விழவில்லை. பதினேழு நிமிடம் பிடித்தது. நூல் தெரியாமல் ஆறு படம். அங்கிருந்தே அனுப்பினேன். கை வெப்பமானியை முதல் மரத்தில் மாட்டினேன், கிழக்கு அறையின் கண்ணாடி வழியாகத் தெரியும்.

ஆவுடை பம்பு உறையை ஒட்டி உட்கார்ந்திருந்தான். கிழிந்த காப்புடையைப் போர்த்திக்கொண்டிருந்தான். மடியில் வடிகட்டி. கழுவத் தொடங்கியிருக்கிறான்.

அறை மைனஸ் ஒன்பது. அவன் ரேடியேட்டர் நெடுக வெடித்திருக்கிறது. வால்வை மூடி வைத்ததில் உள்ளே தண்ணீர் உறைந்து வெடித்தது. இனி இந்த அறைக்குச் சூடு ஏறாது. பம்புப் பதிவேட்டில் அவன் கையெழுத்து:

“578. ரேடியேட்டர் போச்சு. அறை மைனஸ் 2. அக்காட்ட சொல்லண்டாம்.”

“590. அறை மைனஸ் 3. அக்கா பூ வைக்கட்டும்.”

“604. பூ இந்நேரம்”

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

வடிகட்டியைக் கழுவிப் போட்டேன். பம்பு எடுத்தது. அவனைப் படுக்க வைக்க முயன்றேன், முழங்கால் மடிந்தபடியே இருக்கிறது. நான் கொன்றேன் என்று எழுதினால் மிகையா என்று யோசித்தேன். மிகை இல்லை.


நாள் 612. காலை 11:30. கிழக்கு அறை.

கொற்கையிலிருந்து:

“பார்த்தோம்! பூவைப் பார்த்தோம்! குழந்தைகள் படத்தை விட்டு நகரவில்லை. உங்கள் இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கெடு வரை காத்திருக்கவில்லை, இன்று காலை ஒன்பது மணிக்கே எஞ்சினைத் திருப்பிவிட்டோம். நாள் 655-இல் இறங்குவோம். எங்கள் உலையைக் கீழே கொண்டுவர முடியாது, கப்பலோடு பிணைந்தது. அதுதான் பயமாக இருந்தது. ஆனால் செர்ரி பூக்க அந்தக் கூடம் மூன்று வாரம் இருபது டிகிரியில் நின்றிருக்க வேண்டும் என்று எங்கள் பொறியாளர் கணக்குப் போட்டார். அவ்வளவு பெரிய கூடத்துக்கு இருபது என்றால் ஐம்பது பேருக்குச் சூடு இருக்கிறது. அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை.”

மூன்று தடவை படித்தேன்.

அவர்கள் பூவைக் கேட்டது பூவுக்காக இல்லை. வெப்பமானி மாதிரி கேட்டிருக்கிறார்கள். இவ்வளவு படித்தவள், எனக்கு அது தோன்றவே இல்லை. இந்தக் கப்பல் நிற்க வேண்டும் என்று நூறு நாள் வேண்டிக்கொண்டேன். நின்றுவிட்டது.


நாள் 612. பிற்பகல் 14:40.

உண்மை முழுவதையும் அனுப்பினேன். வால்வு, குச்சி, நூல், ஆவுடை. திரும்பிவிடுங்கள் என்று இரண்டு தடவை எழுதினேன்.

பதில் நான்கு நிமிடத்தில் வர வேண்டும். இரண்டு மணி நேரம் ஆனது. இந்தத் தடவை எழுத்து இல்லை, குரல்.

“ரெஜினாள் அக்கா, நான் நூர் ஜமீலா. அதிகாரியா பேசல. எரிச்சது எரிச்சதுதான், எங்களால திரும்ப முடியாது. உங்க பம்புக்குப் பொருந்துற உதிரியும் எங்ககிட்ட இல்ல. என் புள்ளைய ரெண்டும் இதுலதான் இருக்கு. மூத்தவ உங்க பூவ வரைஞ்சு சுவத்துல ஒட்டி வச்சிருக்கா. உங்கள என்ன சொல்லன்னு தெரியல. சொல்லி என்ன ஆவப் போவுது. இப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அங்க எத்தன பேருக்குச் சூடு இருக்கு?”

கணக்குப் போட்டேன். மேற்கு அறை ஒன்றுதான். தரையில் நெருக்கிப் படுத்தால் எவ்வளவு, காற்று எவ்வளவு, பம்பு நின்றுவிடாமல் இருந்தால் எவ்வளவு.

“பத்துப் பேருக்கு” என்று அனுப்பினேன்.

“உங்களையும் சேத்தா?”

“சேக்காம.”

“ஒம்பது குழந்தைங்க இருக்கு” என்றாள். 


நாள் 619. காலை 07:00.

பம்பு ஓடுகிறது. மேற்கு அறை 16, கம்பி வழி அளவு. கூடம் 5, கண்ணாடி வழியாகப் பார்த்தது, இந்தத் தடவை மொட்டு உயரத்தில். நாள் 590-இலிருந்து உண்மைக் குளிர்மணி 696.

வடிகட்டி இப்போது ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அடைக்கிறது. துருவாக வருகிறது. விரல் இரண்டு கறுத்துவிட்டது. பம்பு உறை மட்டும் இளஞ்சூடு, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்கிறேன். ஆவுடை இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்.


நாள் 631. காலை. மணி பார்க்கவில்லை.

கூடம் 5. குளிர்மணி 984. இன்னும் 116.

ஐந்து நாளில் மரத்துக்குக் குளிர் முடிந்துவிடும். அதன் பிறகு சூடு வேண்டும், சூடு கிடையாது. கூடத்துக்குச் சூட்டைத் திருப்பலாமா என்று உங்களில் யாருக்காவது ஆசை வரும். வேண்டாம். மரம் போகட்டும்.

பம்புக்குப் பக்கக்குழாய் ஒன்று போட்டிருக்கிறேன். வடிகட்டி அடைத்தாலும் கொஞ்சம் ஓடும். நாள் 655 வரை ஓடுமா தெரியாது. எழுத வரவில்லை. பேனாவைக் கட்டி வைத்திருக்கிறேன் கையோடு


நாள் 634

மேற்கு அறை 15. பம்பு ஓடுது

இறங்கி வருகிறவர்களுக்கு. வால்வு மேற்குச் சுவரில் இடப்பக்கம். பிள்ளைகளை அதை ஒட்டிப் படுக்க வையுங்கள். பெரியவர்கள் யாரும் அவரவர் பாட்டுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. எல்லாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். தினமும் ஒருத்தரை ஒருத்தர் கேளுங்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்

நூர் காலையில் கேட்டாள். எப்படி இருக்கிய அக்கான்னு

நல்லாருக்கேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு

மைனஸ் பதினொன்று. கால் தெரியவில்லை. எனக்குக் குளிருகிறது